நீ கேமராவைப் பார்த்த டேக்

நேற்று கிள்ளானில் ஒரு பழைய கிடங்கில் படப்பிடிப்பு. வழக்கம் போலப் புகை மெஷினைப் போட்டார்கள். கருகிய சர்க்கரையும் ஈரப் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி ஒரு வாசம் வருமே, அது தலைக்குக் குளித்தும் போகவில்லை. இன்று காலை ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து முடியை முன்னால் எடுத்துப் போட்டபோது குப்பென்று வந்தது. பக்கத்து இருக்கையில் நீ இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"புகை எதுக்குப் போடுறானுங்க தெரியுமா? பின்னால ஒண்ணுமே இல்லன்னு நமக்குத் தெரியக்கூடாது, அதுக்குத்தான்," என்பாய். நேற்றும் பின்னால் ஒன்றும் இல்லை. உடைந்த மரப்பலகைகளும் துருப்பிடித்த ஒரு ஃபோர்க்லிஃப்டும் கிடந்தன. அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் எப்போதும் அப்படித்தானே நிற்பேன்.

பண்டமாரான் அடுக்குமாடியில் உன் வீட்டுக்கு நேர் மேல் வீடு என்னுடையது. நீ என்னைவிட மூத்தவள், ஆனாலும் அக்கா என்று கூப்பிட விடவில்லை. "அக்கான்னு சொன்னே, பல்ல ஒடைப்பேன்," என்றாய். நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். வாய்மொழித் தேர்வில் எழுந்து நின்று ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்த மறுநாள், வயிற்றுவலி என்று படுத்தேன். அதற்கு அடுத்த நாளும் படுத்தேன். அப்புறம் போகவே இல்லை. வீட்டில் கொஞ்ச நாள் திட்டினார்கள், பிறகு வேலைக்காவது போ என்றார்கள். அப்போது நீ ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் நின்றுகொண்டிருந்தாய். அந்தக் கடையின் மாடியில்தான் குணா அண்ணனின் எடிட்டிங் அறை. கல்யாண வீடியோ, பூப்புனித நீராட்டு வீடியோ, நம் உள்ளூர்ப் பையன்களின் பாட்டு வீடியோ எல்லாம் அவரே எடுத்து அங்கே வைத்து வெட்டி ஒட்டுவார்.

"பேசவே தேவையில்லாத வேலை ஒண்ணு இருக்கு, வரியா?" என்று என்னை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். அவர் கேட்டதற்கெல்லாம் நீயே பதில் சொன்னாய். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கு வாய் இருக்கா இல்லியா லா?"

"இருக்குண்ணே. சாப்பிட மட்டும்."

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. அப்படித்தான் நமக்கு அந்த ரயில் பயணமும் கிடைத்தது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் வரை, பெண்களுக்கான பெட்டியில், உன் கைப்பேசியைப் பையின் மேல் சாய்த்து வைத்து பாட்டு வீடியோவாகப் பார்ப்போம். உன் இயர்போன் எப்போதும் அறுந்தே கிடக்கும். சத்தமாக வைத்தால் எதிரே இருக்கும் வயதான மலாய்க்கார மக்சிக் முறைப்பார். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினோம். அதுவே ஒரு விளையாட்டாக மாறியது. ஒருத்தி வீடியோவை எடுத்து, மேலே இருக்கும் பெயரை விரலால் மறைக்க வேண்டும். இன்னொருத்தி அது என்ன வகைப் பாட்டு, அடுத்து என்ன வரும் என்று சொல்ல வேண்டும்.

சத்தம் போனதும் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. குத்துப் பாட்டு என்றால் முதலில் தூசி, பிறகு கால், பிறகு பறையில் விழும் குச்சி. முகம் வருவதற்கு வெகுநேரம் ஆகும். பக்திப் பாட்டில் கேமரா பாதத்தில் தொடங்கி மெதுவாக மேலே ஏறும். காதல் தோல்வி என்றால் பழைய நாள் மஞ்சளாக இருக்கும், இன்றைய நாள் நீலமாக இருக்கும், நடுவில் ஒரு தாடி முளைத்திருக்கும். மலாய்ச் சோகப் பாட்டில் வெள்ளைத் திரைச்சீலை ஆடினாலே நீ சொல்லிவிடுவாய், "ஆஸ்பத்திரி வரப்போகுது பாரு," என்று. வரும். கொரியப் பாட்டில் ஆளுக்கு ஒரு முறை முகத்தைக் கிட்டே காட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ராக் பாட்டுக்காரர்கள் மலை உச்சியில் நின்று கிட்டார் வாசிப்பார்கள். "வயர் எங்கடி போகுது? அந்த டிரம்ம மேல ஏத்த எவன் லோரி புடிச்சான்?" என்று நீ கேட்டதில் எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. மக்சிக் அதற்கும் முறைத்தார்.

நம் ஊர் ராப் பாட்டுகளை மட்டும் நீ விடவே மாட்டாய். அடுக்குமாடி, கார் நிறுத்துமிடம், துறைமுகத்துக் கொள்கலன்கள். நடுவில் பாடுகிறவன், பின்னால் கைகட்டி நிற்கும் கூட்டம்.

"இவனுங்க என்னடி பண்றானுங்க?"

"நிக்கிறாங்க."

"பாட்டு முடியற வரைக்குமா?"

"ம்."

"ஏன் மொறைக்கிறானுங்க? கேமரா இவனுங்க அப்பன திட்டிச்சா?"

நீ இப்படியே பேசிக்கொண்டு வருவாய், நான் "ம்" போட்டுக்கொண்டு வருவேன். ஒரு நாள்தான், சுபாங் ஜெயா தாண்டும்போது, நானாக ஒன்று சொன்னேன். ஒரு காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இதுல யாருமே நம்மளப் பாக்கல," என்றேன். நீ கைப்பேசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "இன்னொருவாட்டி சொல்லு." சொன்னேன். ராப் பாடுகிறவன் நேராக நம் கண்ணைப் பார்க்கிறான். காதல் பாட்டில் அவன் அவளைப் பார்க்கிறான், நாம் ஒளிந்து நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. பக்திப் பாட்டில் பாடுகிறவர் மேலே பார்க்கிறார், சாமி மட்டும் நம்மைப் பார்க்கிறது. நான் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் நீ கேட்டதில்லை.

அன்றிலிருந்து நாம் கண்களை மட்டுமே பார்த்தோம். எந்த வகைப் பாட்டாக இருந்தாலும் அதில் வரும் பெண் மட்டும் கேமராவைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கண்டுபிடித்தது நீ. அவள் பாடுகிறவளாக இருந்தால் சரி, பார்ப்பாள். பாட்டுக்காரனுக்கு ஜோடியாக வந்தவள் பார்க்க மாட்டாள். அவளுக்கு ஒரே வேலை, திரும்புவது. முதுகு தெரியும், முடி பறக்கும், மெதுவாகத் திரும்புவாள், கேமராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்ப்பாள், பிறகு தலையைக் குனிவாள். கிள்ளான் பாட்டிலும் அதேதான், சென்னைப் பாட்டிலும் அதேதான், மலாய்ப் பாட்டிலும் அதேதான்.

"பொண்ணு கேமராவப் பாத்தா என்னாடி ஆவும்? வெடிச்சிருமா?" என்று கோபப்பட்டாய். சேலைக் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்காகச் சேலையைத் தோளில் போட்டுத் திரும்பித் திரும்பிக் காட்டும் வேலை உனக்கு. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு நீயே சமாதானமாகி, "பரவால்ல, நமக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. இனிமே எவனும் நம்மள ஏமாத்த முடியாது," என்றாய்.

உன் விடுமுறை நாளில் கேரி தீவுக்கு என்னோடு படப்பிடிப்பு பார்க்க வந்தாய். செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு ராப் பாட்டு. ஜோடியாக வரவேண்டிய பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. குணா அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார், உன்னைப் பார்த்தார்.

"மா, நீ கொஞ்சம் வந்து நில்லு லா. பெருசா ஒண்ணுமில்ல. திரும்பணும், அவ்ளோதான்."

நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

மதியம் முழுவதும் திரும்பினாய். மரங்களுக்கு நடுவே திரும்பினாய், லோரி பக்கத்தில் திரும்பினாய், புகைக்குள் திரும்பினாய். ஒலிபெருக்கியில் அதே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. வெயிலில் உன் மேக்கப் கரைந்தது. கடைசியில் ஒரு டேக்கில், திரும்பிய நீ, பக்கத்தில் பார்க்காமல் நேராகக் கேமராவுக்குள் பார்த்தாய்.

அன்று நான் தூரத்தில் குடை பிடித்து நின்றதால் நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. குணா அண்ணன் "கட், கட்!" என்று கத்தியதும் பையன்கள் சிரித்ததும்தான் கேட்டது. மறுநாள் எடிட்டிங் அறையில்தான் கேட்டேன். பாட்டு வீடியோ வேலையில் முதல் காரியம் இதுதான். எடுத்ததையெல்லாம் கணினியில் ஏற்றி, கேமராவில் பதிவான சத்தத்தை வைத்துப் பாட்டோடு பொருத்த வேண்டும். பொருந்திவிட்டால் அந்தச் சத்தத்தை அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அதை யாரும் கேட்பதில்லை. பாட்டு மட்டும்தான் மிஞ்சும். நான் பொருத்திக்கொண்டே வந்தபோது, பாட்டுக்கு அடியில், உன் குரல் வந்தது.

"அண்ணே, நான் திரும்புறேன், திரும்புறேன், சரி. திரும்பிப் பாத்தா அங்க என்னா இருக்கு? ஒருவாட்டியாவது காட்டுங்களேன்." பையன்கள் சிரிக்கிறார்கள். பிறகு நீ கேமராவுக்குள் பார்க்கிறாய், என்னைப் பார்க்கிறாய். "ஏய் மண்டு. நீதானே இத வெட்டப்போற? வெட்டினே, செத்தே."

இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சிரித்தேன். எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று தெரியாது. பிறகு அந்தப் பார்வையை, குரல் இல்லாமல், பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் வைத்தேன். பையன்கள் எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்க, ஒரு நொடி நீ மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறாய். அந்த வீடியோவில் உயிருள்ள இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. குணா அண்ணன் பார்த்தார்.

"இது என்னா ஷாட்டு? எடுத்துடு."

நான் எடுக்கவில்லை. எழுந்து நின்றேன். ஏதோ சொல்ல வேண்டும் என்று நின்றேன். வாய்மொழித் தேர்வில் நின்ற மாதிரியே நின்றேன்.

"பாட்டுல அவன் ஃபீல் பண்ணிப் பாடுறான். இவ இங்க சிரிக்கிறா. அவன் பாவமா தெரிவான் லா," என்று சொல்லிவிட்டு அவரே எட்டி, விசையைத் தட்டி, அதை நீக்கினார். கெட்டவர் இல்லை அவர், உனக்கும் தெரியும். மத்தியானம் எனக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு வாங்குவார். அவருக்கு அது ஒரு தவறான ஷாட், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ரயிலில் நான் உன்னிடம் சொன்னபோது நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "தெரியும்டி. ஆனா நீ பாத்தேல்ல? போதும்," என்றாய்.

எனக்குப் போதவில்லை. இன்று வரைக்கும் போதவில்லை.

வீடியோ வெளிவருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். பிறகு டிங்கிக் கொசுக் காய்ச்சல் என்றார்கள். வார்டுக்கு வெளியே உன் அம்மாவோடு நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் உன்னைப் பார்த்தபோது, உதடு காய்ந்து போயிருந்தும், கட்டிலைச் சுற்றி இருந்த வெள்ளைத் திரையைக் கண்ணால் காட்டினாய். மலாய்ச் சோகப் பாட்டு என்று சொல்ல வந்தாய். எனக்குப் புரிந்தது. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லித் திட்ட எனக்கு வேறு ஆள் இல்லை.

பாட்டுப் பையன் வீடியோவை வெளியிட்டான். முதலில் கருப்புத் திரையில் உன் பெயர், பக்கத்தில் பறக்கும் புறா. நீ வரும் இடங்களை மட்டும் கருப்பு வெள்ளையாக்கி இன்னும் மெதுவாக்கியிருந்தான். உன் பச்சைத் தாவணி சாம்பல் நிறமாக இருந்தது. நீ திரும்புகிறாய், குனிகிறாய், திரும்புகிறாய், குனிகிறாய். கீழே ஆயிரம் பேர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். 'எவ்வளவு அமைதியான பொண்ணு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அமைதியான பொண்ணா? நீயா? அதைப் படித்தபோது கைப்பேசியைத் தண்டவாளத்தில் எறியலாம் போல இருந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். கடைசியில் ஒன்றும் எழுதவில்லை.

இந்த வருடம் உன் முதலாண்டுப் படையல் வந்தது. நம் அடுக்குமாடியின் கீழே இருக்கும் பொது மண்டபத்தில் வைத்தார்கள். உன் அம்மா குணா அண்ணனைத் தேடி பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வந்து, திரையில் போட ஒரு வீடியோ வேண்டும் என்று கேட்டார். குணா அண்ணனிடம் அதற்கென்று ஒரு அச்சு உண்டு. யார் இறந்தாலும் அதுதான். மெழுகுவர்த்தி, வானம், புல்லாங்குழல், புகைப்படம் மெதுவாகக் கிட்டே வரும். படத்தை மாற்றினால் போதும், ஆள் மாறிவிடுவார். அவர் ஒரு காலையில் அதை முடித்துவிட்டார். கடைசியில் நீ திரும்பும் அந்தக் கருப்பு வெள்ளைக் காட்சியையும் சேர்த்தார்.

நான் வேறொன்று செய்தேன். அவர் டீ குடிக்கப் போகும் நேரங்களில் செய்தேன். கேரி தீவில் எடுத்த அந்த டேக், வெட்டாமல், நிறத்தோடு, கேமராவில் பதிவான அதே சத்தத்தோடு. மெழுகுவர்த்தி இல்லை, குழல் இல்லை. மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் ஒரு முறையாவது உன்னை நீயாகக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மண்டபத்தில் உன் மாமா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். குணா அண்ணன் செய்ததும் நான் செய்ததும் இருந்த பென்டிரைவைச் செருகிவிட்டு, "ரெண்டு இருக்கே, எதும்மா?" என்றார். விரலால் இரண்டாவதைக் காட்டினேன்.

நீ திரையில் வந்தாய். பச்சைத் தாவணி பச்சையாகவே இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு இரைந்தது. "திரும்பிப் பாத்தா அங்க என்னா இருக்கு?" என்று நீ கேட்டாய். பின்வரிசையில் நம் மாடிப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவும் என்று நினைத்தேன். அடுத்து நீ நேராகப் பார்த்து, "வெட்டினே, செத்தே," என்றாய்.

பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. யாரோ ஒரு ஆன்டி, "ஐயோ கடவுளே," என்றார்.

உன் மாமா பதறிப்போய் நிறுத்தினார். "என்னம்மா இது? படையல் அன்னிக்கு வந்து செத்தே கித்தேங்குறா! தப்பா போட்டுட்டே போல. அந்த நல்லதப் போடு லா."

"அந்த நல்லதை" அவரே போட்டார். மெழுகுவர்த்தி எரிந்தது. குழல் ஊதியது. உன் பள்ளிக்கூடப் படம் மெதுவாகக் கிட்டே வந்தது. எல்லோரும் அழுதார்கள். எந்த இடத்தில் அழுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். குழல் நின்று பியானோ தொடங்கும் இடம், நீ திரும்பும் இடம். அங்கேதான் அழுதார்கள். அதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? நானும் அதே இடத்தில்தான் அழுதேன். மெதுவாக்கினது யார், நிறத்தை எடுத்தது யார், எந்த விசையைத் தட்டினால் அது நடக்கும் என்று எல்லாம் தெரிந்தும் அழுதேன். எவனும் நம்மை ஏமாற்ற முடியாது என்று சொன்னாயே, சுலபமாக ஏமாற்றிவிட்டார்கள். தெரிந்துவைத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில் நான் ஒதுங்கி நின்றேன். உன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மொதல்ல போட்டது என்னாம்மா? சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கைப்பேசியில் எடுத்து, இயர்போனை அவர் காதில் வைத்தேன். பார்த்தார். முடிந்ததும், மறுபடி போடு என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். மறுபடி பார்த்தார்.

"மண்டுன்னு யாரச் சொல்றா?"

"என்னத்தான் ஆன்டி."

"உங்கிட்ட இப்படித்தான் பேசுவாளா?"

"ஆமா."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவர் இயர்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, என் உள்ளங்கையில் வைத்தார். "வீட்டுல வாயே தொறக்க மாட்டா. கேட்டா, கடையில பேசிப் பேசித் தொண்ட வலிக்குதும்பா. நான் கொஞ்சம் கண்டிப்பா இருந்துட்டேன் போல." என் விரல்களை அதன் மேல் மூடினார். "இத நீயே வச்சுக்கம்மா. இந்தப் பொண்ண எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அந்தக் குனிஞ்சு நிக்கிற புள்ளதான்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. இல்லை ஆன்டி, உங்களைப் பற்றித்தான் தினமும் பேசுவாள், உங்கள் மீன் குழம்பைப் பற்றிப் பேசாமல் ஷா ஆலாமைத் தாண்டியதில்லை என்று. அங்கே நின்றபோது, "சரி ஆன்டி," என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாள் போய்ச் சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்றே சொன்னேன், செருப்பைக் கூடக் கழற்றவில்லை. மீன் குழம்பு என்றதும் உன் அம்மா சிரித்தார், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த வீடியோவை அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. உன்னை எல்லோரும் கேட்க வேண்டும் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. இனி நடக்கவும் போவதில்லை. புறா பறக்கும் வீடியோவைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வேலையில் ஒன்று மாறிவிட்டது. கேமராவில் பதிவான சத்தத்தை அணைப்பதற்கு முன் நான் முழுவதையும் கேட்கிறேன். பொருத்துவதற்கு முதல் சில நொடிகள் போதும். நான் கடைசி வரை கேட்கிறேன். குணா அண்ணனுக்கு எரிச்சல். "வேலை பாக்குறியா, ஒட்டுக் கேக்குறியா லா?" என்பார். ஒட்டுத்தான் கேட்கிறேன். டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில்தான் அந்தப் பெண்கள் பேசுகிறார்கள். பந்திங்கிலிருந்து வந்த ஒரு அக்கா, கடைசிப் பேருந்து போய்விடுமே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொருத்தி பாட்டின் வரி தப்பு என்று சொல்கிறாள். உண்மையிலேயே தப்புதான். யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறகு என் விரலாலேயே அணைக்கிறேன்.

நேற்று கிடங்கில் திரும்பியவள் என் வயதுப் பெண். இன்று காலை அவளை வைத்து எடுத்ததையெல்லாம் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என்னை மாதிரி. ஆனால் ஒரு டேக்கில், கட் சொல்வதற்குச் சற்று முன், நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி சும்மா பார்க்கிறாள். அதை எடுத்துப் பாட்டின் நடுவில் வைத்தேன்.

குணா அண்ணன் வந்து பார்த்தார். "இது வேணாம். எடுத்துடு."

நான் எழுந்து நின்றேன்.

"ஏன்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலி பேசினது போலப் பார்த்தார். "ஏன்னா... அப்படித்தான் லா. பொண்ணு கேமராவப் பாக்கக் கூடாது."

"அதான் ஏன்?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "இரு, டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன்," என்று கீழே இறங்கிப் போயிருக்கிறார். போகும்போது விசையைத் தட்டவில்லை. ஷாட் வைத்த இடத்திலேயே இருக்கிறது. உன் கோபம் அப்படியே என்னிடம்தான் இருக்கிறது, வாய் மட்டும்தான் உன்னுடையது போல இல்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும் வரைக்கும் இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவர் வந்ததும் இதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும், உட்காராமல்.